திரும்பி வரும் வழி: ஒற்றைப் பலகைக் கணினிகளின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முறைகள், ஒரு மதிப்பாய்வு

கேள்வி

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது டார்னெய்ட். விண்டம் நகராட்சியைச் சேர்ந்த இந்தப் புறநகரில் 2021 கணக்கெடுப்பின்போது 56 ஆயிரம் பேருக்கு மேல் வசித்தார்கள். 2015 ஜூனில் ரயில் நிலையம் திறந்தபின் வேகமாக வளர்ந்த ஊர் இது. தமிழ் உட்பட தெற்காசிய மொழிகள் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. இத்தகைய புதுக்குடியிருப்புகளில், மோடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு மின்பலகை ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது இன்று அரிய காட்சி அல்ல. விளம்பரங்களைத் தடுப்பது, கூரைச் சூரியத் தகடுகளின் உற்பத்தியைப் பதிவது, வாசல் கேமராவின் காட்சியைச் சேமிப்பது, தாத்தா பாட்டிக்குத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓட்டுவது எனப் பல வேலைகளை அது சத்தமில்லாமல் செய்கிறது.

அந்தப் பலகையின் இயங்குதளத்தை எப்போது, எப்படி, யார் பொறுப்பில் புதுப்பிப்பது? எளிமையாகத் தெரியும் இந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளாகப் பல விடைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட சூழலில் பிறந்தது; அங்கே சரியாகவும் இருந்தது. சிக்கல், ஒரு சூழலின் விடையை இன்னொன்றில் அப்படியே பொருத்தும்போது எழுகிறது. முக்கிய நிலைப்பாடுகளையும் அவற்றின் பிறப்பிடத்தையும் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. எந்த முறையையும் எடைபோட அது கையாளும் அளவுகோல் ஒன்றுதான்: புதுப்பித்தல் தவறிப்போனால், பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

கேள்வியின் பின்னணி

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தபோது அதன் நோக்கம் கல்வி. பள்ளி மாணவர்கள் கெடுத்துக் கற்றுக்கொள்ளக்கூடிய, விலை குறைந்த கணினி வேண்டும் என்பதே கேம்பிரிட்ஜில் அதை உருவாக்கியவர்களின் எண்ணம். கெட்டுப்போனால் எஸ்டி அட்டையை அழித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் பலகை பள்ளியோடு நிற்கவில்லை. வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளின் விளம்பரத் திரைகளுக்கும் போனது. 2024 ஜூனில் அந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது, அதுவரை விற்ற பலகைகள் 6 கோடியைத் தாண்டியிருந்தன. கற்கும் கருவிக்குப் பொருந்திய ‘அழித்து எழுது’ என்ற பழக்கம், ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடவேண்டிய கருவிக்கும் பொருந்துமா என்ற ஐயம் அங்கிருந்து தொடங்குகிறது.

மென்பொருள் பக்கம் வேரூன்றியிருப்பது டெபியன். 1993இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற இயங்குதளத்தின் மேல்தான் பெரும்பாலான சிறு பலகைகள் நிற்கின்றன. முதல் தலைமுறைப் பையின் செயலி, டெபியன் எதிர்பார்த்த ஏஆர்எம் ஏழாம் பதிப்புக்கு முந்தையது. எனவே தன்னார்வலர்கள் டெபியனை அந்தச் செயலிக்காக மறுபடி கட்டி 2012இல் ராஸ்பியன் என்று வெளியிட்டார்கள். 2020 மே மாதத்தில் நிறுவனம் தன் இயங்குதளத்துக்கு ராஸ்பெரி பை ஓஎஸ் என்று பெயர் மாற்றியது. டயட்பை, ஆர்ம்பியன் போன்றவையும் டெபியன் வழி வந்தவை. டயட்பை டெபியனை மேலும் மெலிதாக்கி, பதிவுக் கோப்புகளை நினைவகத்தில் வைத்து, குறைந்த திறன் கொண்ட பலகையிலும் இலகுவாக ஓடும்படி செய்கிறது. ஆர்ம்பியன் பலவகை ஏஆர்எம் பலகைகளுக்கான கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, பராமரிக்கிறது.

வழித்தோன்றல் இயங்குதளங்களின் நிலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனின் பிள்ளைதான். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. தாய் இயங்குதளம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் மொத்தம் ஐந்து ஆண்டு ஆதரவு தருகிறது. பிள்ளைகள் அந்த நாட்காட்டியைத் தாண்டி வாழ முடியாது. பராமரிப்பாளர் ஒருவர் பக்கத்தில் இல்லாத கணினிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டால், ஐந்தாம் ஆண்டு முடிந்தபின் அவற்றின் கதி என்ன என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான கேள்வி.

முதல் நிலைப்பாடு: ஓடுவதைத் தொடாதே

மிகப் பழைய விடை இது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் உலகில் பிறந்தது. சோதித்துச் சான்றளித்த ஒரு கருவியின் நிரலை மாற்றினால் சோதனையை முதலிலிருந்து செய்யவேண்டும். ஆகவே மாற்றாமல் இருப்பதே அங்கே பாதுகாப்பு. இதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையில்தான் இருந்தது. அதற்கு முந்தைய 0.9.8 வரிசையில் நின்றவர்கள் தப்பினார்கள். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்திய பின்வாசல் வெளிச்சத்துக்கு வந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்துவிட்டது. நிதானமாக நகரும் நிலையான கிளைக்கு வரவில்லை. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் முந்திக்கொண்டவர்களே ஆபத்தில் இருந்தார்கள்.

ஆனால் கருவி மாறாமல் இருந்தாலும் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் வழங்கும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. யாரும் தொடாத பழைய கருவிகள் பல, அன்று முதல் பாதுகாப்பான தளங்களோடு இணைய முடியாமல் போயின. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. 3ஜியை மட்டும் நம்பியிருந்த கருவிகள் ஊமையாகின. இன்னும் பெரிய கெடு ஒன்று காத்திருக்கிறது. காலத்தை 32 பிட் எண்ணில் வைக்கும் பழைய மென்பொருள்களின் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். இன்று சுவரில் பொருத்தும் ஒரு பலகை அந்த நாளைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

இணையத்தோடு இணைந்த கருவியில் இந்த நிலைப்பாடு மேலும் தளர்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஏறத்தாழ அறுபது இயல்புப் பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளைக் கொண்டு கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவை மீது நடந்த தாக்குதலில் அமெரிக்காவின் பெரிய தளங்கள் பல முடங்கின. அடிப்படைக் குறை பலவீனமான கடவுச்சொல். ஆனால் அது கருவியின் நிரலுக்குள்ளேயே பதிந்திருந்த இடங்களில் புதிய நிரல் ஏற்றாமல் அந்தக் குறையை நீக்க வழியே இல்லை. தொடாமல் விடுவதற்கு நியாயம் உண்டு. தொட முடியாதபடி கட்டுவதற்கு இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: பொதி பொதியாக

1990களின் பல்கலைக்கழகக் கணினி அறைகளும் சர்வர்களும் இதன் தாயகம். மென்பொருளைச் சிறு பொதிகளாகப் பிரித்து, எதற்கு எது தேவை என்று பதிந்து, மாறியதை மட்டும் இறக்குவது இதன் முறை. டெபியனின் டிபிகேஜி 1994இலேயே உருவாகிவிட்டது. அதன் மேல் அமர்ந்த ஆப்ட் கருவி 1999இல் டெபியன் 2.1உடன் பரவலானது. இரண்டு கட்டளைகளில் கணினி முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடும். இறக்கவேண்டிய அளவு குறைவு. பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே கிடைக்கும். பயனர் செய்துவைத்த அமைப்புகள் அப்படியே இருக்கும். இவற்றில் வேறு எந்த முறையும் இதற்கு நிகரில்லை.

டயட்பை இந்த அடித்தளத்தின் மேல் இன்னொரு அடுக்கை வைக்கிறது. டெபியனின் பொதிகளை ஆப்ட் கவனிக்கும். டயட்பையின் சொந்த நிரல்களையும் அவை செய்த அமைப்புகளையும் டயட்பை-அப்டேட் என்ற தனிக் கருவி பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டு வரும். எனவே ‘புதுப்பித்துவிட்டேன்’ என்று சொல்பவர் எந்த அடுக்கைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. பலகையை எழுப்பும் நிரலான பூட்லோடர் மூன்றாவது அடுக்கு: ராஸ்பெரி பை 4 முதல் அது அட்டையை விட்டுப் பலகையிலுள்ள தனி நினைவுச் சில்லில் குடியேறியது, அதற்கும் தனிப் புதுப்பிப்பு உண்டு. அடுக்குகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் வைத்திருப்பது இயங்குதளத்தை உருவாக்குவோர் முகம் தெரியாமல் செய்யும் பெரும் உழைப்பு.

பலவீனம், நடுவழியில் இருக்கிறது. நூறு பொதிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும்போது ஐம்பதாவதில் மின்சாரம் நின்றால் கணினி பழையதாகவும் இராது, புதியதாகவும் இராது. மின்தடையைத் தாங்கும் ஏற்பாடுள்ள சர்வர் அறையில் இது அரிது. வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 13 அன்று வீசிய புயலில், மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியாவின் அனகி அருகே ஆறு உயரழுத்த மின்கோபுரங்கள் சரிந்தன. மாநிலம் முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில் மூழ்கின. அந்த நேரத்தில் எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்த எந்தப் பலகைக்கும் அது கண்டம். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரமும் கிடையாது. மின்சாரம் திரும்பியபின் இணையத்தில் நேரத்தைக் கேட்டறியும்வரை அவை தவறான தேதியில் இருக்கும். தேதி பெரிதும் தவறினால் சான்றிதழ்ச் சோதனையும் தவறும்.

இரண்டாவது பலவீனம், எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாமை. திசைவிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி, மாற்ற முடியாதபடி சுருக்கிய ஒரு கோப்பு முறைமையின் மேல் மெல்லிய எழுதும் அடுக்கை விரிக்கிறது. அங்கே பொதியைப் புதுப்பித்தால் பழையது கீழே அப்படியே கிடக்கும். புதியது மேலே கூடுதல் இடம் பிடிக்கும். எனவே பொதிகளை மொத்தமாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று அத்திட்டத்தின் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

மூன்றாம் நிலைப்பாடு: துடைத்துவிட்டுப் புதிதாக

பெரிய பதிப்பு மாறும்போது பொதிவழியை ராஸ்பெரி பை நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. இயங்குதளத்தின் முழு நகலான புதிய படிமத்தை வேறொரு அட்டையில் எழுதித் தொடங்குங்கள் என்கிறது. இதற்குக் காரணம் உண்டு. 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் வலையிணைப்பை நிர்வகிக்கும் நிரல் மாறியது. பூட் கோப்புகளின் இடம் மாறியது. திரைக்காட்சியின் அடித்தளமும் புதிய பலகைகளில் வேலண்டுக்கு மாறியது. இத்தனையையும் ஓடும் கணினியில் மாற்றுவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவது போன்றது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 2038 சிக்கலுக்குத் தீர்வாக 32 பிட் ஏஆர்எம்மிலும் காலத்தை 64 பிட்டாக்கியது. அதற்காக ஏராளமான நூலகங்களை ஒரே வீச்சில் மறுகட்டமைப்புச் செய்ய நேர்ந்தது.

இந்த விடையின் வலிமை அதன் நேர்மை. பழைய அட்டை கையில் இருக்கும்வரை திரும்பும் வழி திறந்தே இருக்கிறது: அட்டையை மாற்றிப் போட்டால் போதும். வேறு எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டுக்கு இதைவிட மலிவான காப்பீடு இல்லை.

ஆனால் இந்த முறை, பயனருக்குத் தன் கணினியில் என்னென்ன செய்தோம் என்பது நினைவிருக்கிறது என்று நம்புகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாற்றிய ஒரு வரி, எங்கோ பதிந்த கடவுச்சொல், சூரிய இன்வெர்ட்டரின் முகவரி எல்லாம் மறுபடி தேவைப்படும். இதற்கு இரண்டு மருந்துகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, அமைப்புகளை உரைக்கோப்பாக எழுதிவைத்து, புதிய கணினியை அதிலிருந்து கட்டுவது. முதல் முறை எழும்போதே தானாக நிறுவிக்கொள்ளும்படி டயட்பை ஓர் உரைக்கோப்பை வைத்திருப்பது இந்த வழி. மற்றொன்று முறையான காப்பு நகல். டயட்பையின் காப்பு நகல் கருவி உட்படப் பலவும் நம்பியிருக்கும் ஆர்சிங்க் என்ற நிரல், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் உருவாக்கி 1996இல் வெளியிட்டது. இரு இடங்களிலுள்ள கோப்புகளில் வேறுபடும் பகுதியை மட்டும் அனுப்பும் அதன் உத்தி, குறுகிய இணைப்புகளின் காலத்தில் பிறந்து இன்றும் சிறு பலகைகளைக் காக்கிறது. எனினும் நகல் எடுப்பது பாதி வேலைதான். அதிலிருந்து மீட்டுப் பார்த்தவர்களுக்கே அது உண்மையில் நகலா என்பது தெரியும்.

நான்காம் நிலைப்பாடு: முழுப் படிமம், இரட்டைப் பாகம்

நான்காவது விடை கைப்பேசிகளும் குரோம்புக்குகளும் பரவிய காலத்தது. கோடிக்கணக்கான கருவிகளை, கணினி நுட்பம் அறியாதவர்களின் கையில், தவறாமல் புதுப்பிக்க வேண்டும். இதற்காகச் சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கு இரண்டு பாகங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் புதிய படிமம் முழுதாக எழுதப்படும். மறுதொடக்கத்தில் புதியதை முயன்று பார்க்கும். எழவில்லையென்றால் பழையதற்குத் திரும்பும். 2011இல் விற்பனைக்கு வந்த குரோம்புக்குகள் இப்படி இயங்கின. 2016இல் ஆண்ட்ராய்டு 7 இதே வழியைத் தழுவியது. அதே ஆண்டு வெளிவந்த உபுண்டு கோர் 16, ஒவ்வொரு கூறையும் முழுதாக மாற்றி, தவறினால் பின்வாங்கும் ஏற்பாட்டோடு சிறு பலகைகளுக்கு வந்தது. ஜெர்மனியின் பெங்குட்ரானிக்ஸ் உருவாக்கிய ராக் என்ற கருவியைக் கொண்டு, வீட்டுக் கருவிகளை நிர்வகிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளம் இரட்டைப் பாக முறையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

ஒற்றைப் பாக வடிவமும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான லிப்ரெலெக், இயங்குதளத்தை கெர்னல், சிஸ்டம் என்ற இரண்டே கோப்புகளாக வைத்திருக்கிறது. புதிய கோப்பை அதற்கான கோப்புறையில் போட்டு மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. அல்பைன் லினக்ஸும் டைனி கோரின் பைகோரும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: எழும்போது முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு அட்டையை எழுதாமல் விடுகின்றன. எழுதாத அட்டை மின்தடையால் கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றங்களைத் தனிக் கட்டளையால் சேமிக்கவேண்டும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. மறந்தால் மறுதொடக்கத்தில் அவை போய்விடும்.

நடுவழி மின்தடைக்கு இதுவரை கண்டதில் வலுவான பதில் இரட்டைப் பாகம்தான் என்று சொல்லலாம். ஆயினும் அதன் பலவீனங்கள் மூன்று. முதலாவது, பாதி இடம் எப்போதும் காத்துக்கிடக்கும். சிறிய நினைவுச் சில்லுள்ள திசைவிக்கு அது கட்டுப்படியாகாது. இரண்டாவது, எந்தப் பாகத்திலிருந்து எழுவது என்பதை பூட்லோடர் அறிந்திருக்கவேண்டும். ராஸ்பெரி பையின் ஃபர்ம்வேரில் ட்ரைபூட் என்ற வசதி வந்தபின் இது எளிதானது. புதிய பாகம் எழத் தவறினால் அடுத்த தொடக்கம் பழைய பாகத்துக்கே போகும். மற்ற நிறுவனங்களின் பலகைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. மூன்றாவதுதான் ஆழமானது: இயங்குதளம் திரும்பும், தரவு திரும்பாது. புதிய பதிப்பு எழுந்தவுடன் தரவுத்தளத்தின் வடிவத்தை மாற்றிவிட்டால், பழைய இயங்குதளத்துக்குத் திரும்பியபின் பழைய செயலியால் அந்தத் தரவைப் படிக்க முடியாமல் போகலாம். இரண்டு பாகங்களுக்கும் பொதுவான தரவுப் பாகம் இருக்கும் எல்லா அமைப்புக்கும் இந்த இக்கட்டு பொது.

யார் தீர்மானிப்பது?

நான்கு விடைகளும் ‘எப்படி’ என்பதைப் பற்றியவை. ‘யார் சொல்லி’ என்பது தனி விவாதம். பாதுகாப்பு நிபுணர்கள் பலர் தானியங்கிப் புதுப்பித்தலை ஆதரிக்கிறார்கள். ஓட்டை வெளிப்பட்டதற்கும் தாக்குதல் தொடங்குவதற்கும் இடையிலான காலம் சுருங்கிவருவது அவர்கள் வாதம். ஆஸ்திரேலிய சிக்னல்ஸ் இயக்ககம் நிறுவனங்களுக்கு வகுத்த எசென்ஷியல் எய்ட் நெறிமுறை, இணையத்தை நோக்கி நிற்கும் சேவைகளின் மிகக் கடுமையான ஓட்டைகளை 48 மணி நேரத்துக்குள் அடைக்கச் சொல்கிறது. ஒரு குடும்பத்தில் இந்த வேகத்தை மனிதர் கையால் எட்டுவது கடினம்.

எதிர்த் தரப்பின் சான்று 2024 ஜூலை 19. மெல்பர்ன் நேரப்படி அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி 9 நிமிடத்துக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தானாக ஏறும் ஒரு சிறு கோப்பை வெளியிட்டது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்ட்டின் கணிப்பில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. வேலைநாள் முடியாத ஆஸ்திரேலியாதான் முதல் அடியை வாங்கியவற்றில் ஒன்று. வங்கிகள், பேரங்காடிகள், விமான நிலையங்கள் தடுமாறின. அந்தக் கணினிகளுக்குத் தாமாகத் திரும்ப வழி இல்லை. பெரும்பாலானவற்றை மனிதர் போய்க் கையால் எழுப்ப நேர்ந்தது. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் நிறுவனம் தொலைவிலிருந்து அனுப்பிய தவறான நிரலால் ஏறத்தாழ 500 கதவுப் பூட்டுகள் செயலிழந்ததும் இதே வகை.

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் வெவ்வேறு ஆபத்துகளைப் பேசுகின்றன. உபுண்டு கோரின் தானியங்கிப் புதுப்பித்தலைக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் வசதி பயனர்களின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பின்னரே வந்தது. டயட்பை வேறு வழி எடுக்கிறது: புதிய பதிப்பு வந்ததை உள்நுழையும்போது தெரிவித்து, முடிவைப் பயனரிடம் விடுகிறது. இந்த மரியாதை, மாதக்கணக்கில் யாரும் உள்நுழையாத பலகைக்குப் பயன்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் அதை நிறுவியவர் ஊருக்குப் போயிருக்கும் ஆறு வாரங்களில், ஆங்கிலக் கட்டளைத் திரையில் தோன்றும் அறிவிப்பைப் படிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சட்டத்தின் வரவு

அண்மைக் காலம்வரை இது ஆர்வலர்களின் விவாதம். இப்போது அரசுகள் உள்ளே வந்திருக்கின்றன. இணையத்தோடு இணையும் கருவிகளின் பாதுகாப்பு பற்றிய பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் சைபர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் அமைந்த திறன்கருவி விதிகளின் தொடக்க நாள் 2026 மார்ச் 4. அவை கேட்பவை மூன்று: எல்லாக் கருவிக்கும் ஒரே இயல்புக் கடவுச்சொல் கூடாது; ஓட்டையைத் தெரிவிக்க வழி வேண்டும்; பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த நாள்வரை கிடைக்கும் என்பதை வெளியிடவேண்டும். இதே துறையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆதரவை எதிர்பார்க்கும். ராஸ்பெரி பை ஓஎஸ் 2022 ஏப்ரலிலேயே ‘பை’ என்ற இயல்புப் பயனரை நீக்கியதற்கும் இத்தகைய சட்டங்களின் வரவு ஒரு காரணம்.

மூன்றாவது விதி வாங்குபவருக்குப் பெரிய லாபம். கருவியின் ஆயுளைக் கடையிலேயே கேட்க முடியும். ஆனால் இவை கருவியைச் செய்து விற்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகள். பலகையை ஒருவரிடம் வாங்கி, இயங்குதளத்தை இன்னொரு திட்டத்திலிருந்து இலவசமாக இறக்கி, செயலியை மூன்றாமவரிடமிருந்து நிறுவும் வீட்டில் ‘உற்பத்தியாளர்’ யார்? சட்டங்கள் இந்த இடத்துக்கு இன்னும் தெளிவாக வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

எஞ்சியவையும் மதிப்பீடும்

முப்பது ஆண்டு விவாதத்தில் சில செய்திகள் ஓரளவு நிலைபெற்றுவிட்டன. இணையத்தோடு இணைந்த பலகையைப் புதுப்பிக்காமல் விடுவது காலம் கூடக்கூட ஆபத்தாகிறது. சிறு திருத்தங்களுக்குப் பொதிவழி போதும். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் புதிய அட்டை பாதுகாப்பு. யாரும் பக்கத்தில் இல்லாத கருவிக்கு இரட்டைப் பாகமோ எழுதாத அட்டையோ ஏற்றது. எந்த ஒரு முறையும் எல்லா வீட்டுக்கும் பொருந்தவில்லை. ஆனால் வெற்றிபெற்ற முறைகள் அனைத்திலும் ஒரு பண்பு பொதுவாகத் தெரிகிறது: திரும்பும் வழியை அவை முதலில் அமைத்தன, வேகத்தைப் பிறகு சேர்த்தன.

தீராதவை மூன்று. தரவையும் இயங்குதளத்தையும் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் எளிய முறை சிறு பலகைகளில் இன்னும் பரவலாகவில்லை. பழைய வன்பொருளின் முடிவை யார், எந்த அறிவிப்போடு சொல்வது என்பது இரண்டாவது. 2025 மே மாதத்தில் ஹோம் அசிஸ்டன்ட் 32 பிட் கணினிகளுக்கான ஆதரவு முடியப்போவதை மாதங்களுக்கு முன்பே சொன்னது நல்ல முன்னுதாரணம். எல்லாத் திட்டங்களும் அப்படிச் சொல்வதில்லை. மூன்றாவது, இந்தப் புதுப்பிப்புகளைச் செய்பவர்களின் நிலை. எக்ஸ்இசட் நூலகத்தில் பின்வாசல் நுழைந்தது, அதைத் தனியாளாகச் சுமந்து களைத்துப்போன ஒரு தன்னார்வலரின் சுமையைப் பகிர்ந்துகொள்வதாக வந்த ஒருவர் வழியாகத்தான். கோடிப் பலகைகள் நம்பியிருக்கும் உழைப்பு சில தோள்களில் கிடக்கிறது. அந்தத் தோள்களைத் தாங்க எந்தப் புதுப்பிப்புக் கருவியாலும் முடியாது. பயன்படுத்துவோர் நிதியும் நேரமும் கொடுத்தே ஆகவேண்டும்.

பலகை வைத்திருக்கும் வாசகருக்கு இந்த ஆய்விலிருந்து சொல்லக்கூடியது சிறியது. அடுத்த முறை புதுப்பிக்கும் முன் காப்பு நகலை இன்னோர் அட்டையில் மீட்டு, பலகை அதிலிருந்து எழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். எழுந்தால், அந்த அட்டையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, மாற்றிப் போடும் முறையை வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி தமிழில் நான்கு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.